மாமியார் 14 நாள் ஜிங்க் (துத்தநாகம்) மாத்திரை என்கிறார், டாக்டரோ அது தேவையில்லை என்கிறார். 19 மாதப் பையனுக்கு வயிற்றுப்போக்கு

பொங்கோல்_அம்மா | செவ்வாய், இரவு 10.50

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 மாதம், எடை 10.6 கிலோ. நேற்று மதியத்திலிருந்து வயிற்றுப்போக்கு. இன்று மட்டும் ஏழு தடவை, வெறும் தண்ணீராகப் போகிறது, ரத்தம் இல்லை. காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தான், அப்புறம் இல்லை. காய்ச்சல் 37.9. பராமரிப்பு நிலையத்தில் அவன் வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இதே கதை. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் கொடுத்து, வழக்கமான சாப்பாடே கொடுங்கள், மூன்று நாளில் குறையவில்லை என்றால் வாருங்கள் என்றார். ஜிங்க் கொடுக்கலாமா என்று நானே கேட்டேன். இவனுக்குத் தேவையில்லை, இங்கே பொதுவாகக் கொடுப்பதில்லை என்றார்.

பிரச்சினை வீட்டில். மாமியார் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. 26 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். வரும்போதே ஓஆர்எஸ், 20 மி.கி. ஜிங்க் மாத்திரை அட்டை எல்லாம் பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சண்டை போடுகிறவர் இல்லை அவர். "பேதி என்றால் ஓஆர்எஸ், கூடவே ஜிங்க் பதினாலு நாள், பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. இதை எத்தனை தாய்மாரிடம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன், என் பேரனுக்கு மட்டும் வேண்டாமா" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. கணவர் எந்தப் பக்கமும் பேச முடியாமல் நிற்கிறார். யார் சொல்வது சரி?

ஈசூன்_அப்பா | செவ்வாய், இரவு 11.05

டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஊரிலிருந்து வந்த மாத்திரையை இங்கே பிள்ளைக்குக் கொடுத்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

பழைய_தாதி | செவ்வாய், இரவு 11.20

தங்கச்சி, நான் பிள்ளைகள் வார்டில் 30 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜிங்க் பேச்சைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். இந்த ராத்திரிக்கு முக்கியம் அவன் உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான். கடைசியாக எப்போது சிறுநீர் போனான்? பேதியோடு கலந்து போனால் தெரியாது, அதனால் டயப்பரின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, கண் உள்வாங்கியிருக்கிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா அல்லது துவண்டு கிடக்கிறானா. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே இல்லை, எழுப்பினால் சரியாக எழவில்லை, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, குடிப்பதெல்லாம் வெளியே வருகிறது, இதில் எது ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், கேகே மருத்துவமனையின் பிள்ளைகள் அவசரப் பிரிவுக்கு இப்போதே கிளம்புங்கள். துவண்டுவிட்டான் என்றால் 995.

அதெல்லாம் இல்லை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அவன் எடைக்கு ஒவ்வொரு தண்ணீர்ப் பேதிக்கும் கிட்டத்தட்ட 100 மி.லி. ஓஆர்எஸ் உள்ளே போக வேண்டும். ஒரே மூச்சில் பாட்டிலில் கொடுத்தால் வாந்தியாக வரும். ஒரு தேக்கரண்டி, ஒரு நிமிடம், மறுபடி ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு அதைவிட மெதுவாகத் தொடங்குங்கள். கை வலிக்கும், தூக்கம் வரும், ஆனாலும் இதுதான் வைத்தியம். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்தவே கூடாது. கஞ்சி, இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம், அவன் எது கேட்டாலும் கொடுங்கள். வயிற்றைக் காயப்போடுகிற பழைய வழக்கம் வேண்டாம், பட்டினி போட்டால் குடல் ஆறுவதற்கு இன்னும் நாளாகும்.

பேதியை நிறுத்துகிறேன் என்று பெரியவர்கள் போடும் லோபெரமைடு மாத்திரையைப் பிள்ளைக்குத் தொடவே கூடாது. அப்புறம், டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்திபேதி வைரஸ் சிலவற்றுக்குக் கைச்சுத்திகரிப்பான் போதாது.

பொங்கோல்_அம்மா | செவ்வாய், இரவு 11.45

அக்கா, எட்டு மணிக்கு மாற்றிய டயப்பர் முன்பக்கம் நன்றாக நனைந்திருந்தது. கண்ணீரோடுதான் அழுகிறான். கொஞ்சம் நிம்மதி. கிளினிக் பொட்டலம் இரண்டுதான் மீதி. மாமியார் கொண்டுவந்தது ஆறு இருக்கிறது. அதையும் இதே கப்பில் கலந்து கொடுக்கலாம்தானே?

தெம்பனிஸ்_மருந்தாளர் | செவ்வாய், இரவு 11.49

கலப்பதற்கு முன் தயவுசெய்து பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். எத்தனை மி.லி. தண்ணீர் என்று போட்டிருக்கிறது?

பொங்கோல்_அம்மா | செவ்வாய், இரவு 11.53

கிளினிக்கில் கொடுத்தது 200 மி.லி. ஊரிலிருந்து வந்தது 1 லிட்டர். நான் கவனிக்கவே இல்லை.

தெம்பனிஸ்_மருந்தாளர் | புதன், அதிகாலை 12.10

கேட்டது நல்லதாகப் போயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டில் ஒரு லிட்டருக்கு மொத்தம் 20.5 கிராம் தூள்: குளுக்கோஸ் 13.5, சாதா உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. அதைக் கரைத்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். அதே பொட்டலத்தை 200 மி.லி. கப்பில் போட்டால் ஐந்து மடங்கு உப்பு. அது வைத்தியம் இல்லை, விஷம். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். ஊர்ப் பொட்டலம் தரத்தில் எந்தக் குறையும் இல்லை, ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள், 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிடுங்கள். பாதித் தூளைக் கண் அளவில் எடுத்துப் பாதித் தண்ணீரில் கலப்பது வேண்டாம், சரியாக வராது.

இந்த உப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள அளவு ஏனோதானோ என்று வைத்தது இல்லை. பேதியின்போதும் சிறுகுடலில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது, அதன் வழியாகச் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்துதான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். சர்க்கரை அதிகமானால் குடலிலேயே தங்கித் தண்ணீரை வெளியே இழுக்கும். அதனால்தான் 100பிளஸ், ரிபேனா போன்ற கடைப் பானங்கள் எல்லாம் இதற்கு மாற்று இல்லை, சோடியம் குறைவு, சர்க்கரை அதிகம். நம் மக்கள் பேதி என்றதும் முதலில் எடுப்பது 100பிளஸ்தான்.

ஜூரோங்_தஞ்சாவூரான் | புதன், காலை 7.15

ஈசூன் சகோ, ஊர் மாத்திரை என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். அந்த அம்மா சொல்வது பாட்டி வைத்தியம் இல்லை. 2004இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து அறிவித்ததைத்தான் அப்படியே சொல்கிறார்: ஓஆர்எஸ்ஸோடு தினம் 20 மி.கி. ஜிங்க், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 10 மி.கி., 10 முதல் 14 நாள். இந்தியாவில் 2014 முதல் வருடாவருடம் வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம் நடத்தி வீடு வீடாக ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் கொடுத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் இவரைப் போன்றவர்கள்.

இதன் ஆரம்பமும் நம் பக்கம்தான். 1995இல் புதுடில்லிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஜிங்க் எடுத்தவர்களுக்குப் பேதி நீடிக்கும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்தது. 2002இல் வெளிவந்த வங்கதேச ஆய்வு ஒன்று, பேதியின்போது ஜிங்க் கொடுத்த பகுதிகளில், விபத்து போன்றவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், பிள்ளைகளின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றது. ஓஆர்எஸ் கதையும் அப்படித்தான். 1971 போரில் அகதிகள் வந்து குவிந்த போங்காவ் முகாமில் காலராவுக்கு ஏற்றக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் டிரம்மில் உப்பையும் சர்க்கரையையும் கரைத்து, உறவினர்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். அவர் 2022இல் இறந்தார், மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன், ஒன்றரை வயதில், பேதியில் போய்விட்டான். உச்சிக்குழி விழுந்துவிட்டது என்று யாரிடமோ தூக்கிக்கொண்டு போய்த் தொக்கம் எடுத்தார்களாம். உச்சி விழுந்தது தண்ணீர் வற்றியதால் என்று அந்த ஊரில் அன்று யாருக்கும் தெரியவில்லை. அங்கன்வாடி அம்மாக்கள் வந்த பிறகுதான் இது மாறியது. அவர் கண் கலங்கியதற்கு என்ன காரணம் என்று எனக்குப் புரிகிறது.

பழைய_தாதி | புதன், காலை 7.40

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். நீங்கள் சொல்வது முழுக்க உண்மை.

பிடோக்_ஆய்வு | புதன், காலை 9.30

நான் டாக்டர் இல்லை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் வேலை. இந்த வீட்டில் இரண்டு பேர் சொல்வதும் சரி என்பது என் கருத்து. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, எண்கள் அப்படி இருக்கின்றன.

2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பில் (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அறிக்கை) 33 ஆய்வுகள், 10,841 பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஜிங்க் கொடுத்தால் பேதி சராசரியாக அரை நாள், அதாவது சுமார் 11 மணி நேரம் முன்னால் நிற்கலாம். ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது சுமார் 26 மணி நேரம். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களிடம் பலன் தெரியவில்லை. வாந்தி, ஜிங்க் எடுத்தவர்களிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஜிங்க் குறைபாடு அதிகம் உள்ள நாடுகளில் நடந்தவை. அரிசியும் பருப்புமாகச் சாப்பிட்டு, மீன், முட்டை, கறி அபூர்வமாகக் கிடைத்து, மாதத்துக்கு ஒரு முறை பேதி வந்து உடம்பிலிருக்கும் கொஞ்ச ஜிங்க்கும் மலத்தோடு போய்விடும் பிள்ளைகள். அங்கே அந்த மாத்திரை ஒரு பள்ளத்தை நிரப்புகிறது. குடலின் உள்தோல் மறுபடி வளர, எதிர்ப்புச் சக்தி வேலை செய்ய, ஜிங்க் வேண்டும். பள்ளமே இல்லாத பிள்ளைக்கு நிரப்புவதற்கு என்ன இருக்கிறது? ஐரோப்பியக் குழந்தைக் குடல்நல மருத்துவர்களின் 2014 வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: குறைபாடு அரிதாக உள்ள இடங்களில் ஜிங்க்கால் பலனை எதிர்பார்க்க முடியாது.

அளவைப் பற்றியும் ஒன்று. 2020இல் இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 பிள்ளைகளிடம் 20, 10, 5 மி.கி. மூன்றையும் ஒப்பிட்டார்கள். குறைந்த அளவுகள் பேதியைப் பொறுத்தவரை 20க்குச் சளைக்கவில்லை. மாத்திரை கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தவர்கள் 20 மி.கி. பிரிவில் 19.3 சதவீதம், 5 மி.கி. பிரிவில் 13.7.

உட்லண்ட்ஸ்_இரட்டையர்_அம்மா | புதன், மதியம் 1.10

எனக்கு இது ஒப்பவில்லை. 11 மணி நேரம் என்பது உங்களுக்குச் சின்ன எண்ணாக இருக்கலாம். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பேதி, விடுப்பு தீர்ந்துவிட்டது, ஆபீசில் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) கேட்கிறார்கள், அந்த நிலைமையில் அரை நாள் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். கெடுதல் இல்லை என்றால் கொடுத்துப் பார்ப்பதில் என்ன?

தெம்பனிஸ்_மருந்தாளர் | புதன், மதியம் 1.45

உங்கள் கஷ்டம் புரிகிறது அக்கா. ஆனால் அந்த அரை நாள் உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அதுதான் சிக்கல். நன்றாகச் சாப்பிட்டு வளரும் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது வாயில் உலோகச் சுவையும் வாந்தியும்தான். வாந்தி வந்தால் ஓஆர்எஸ்ஸும் வெளியே போகும், அப்புறம் உண்மையான வைத்தியமே கெட்டுவிடும்.

பத்து நாள் 20 மி.கி. கொடுத்தால் பெரிய ஆபத்து வந்துவிடாது, பயமுறுத்தவில்லை. ஆனால் 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 3 மி.கி.தான். நீண்ட நாள் அதிகமாகப் போனால் உடம்பு செம்பை எடுத்துக்கொள்வது தடைபடும். கடையில் எனக்கு அதைவிடப் பெரிய கவலை லேபிள். ஒரு பாட்டிலில் ஜிங்க் குளுகோனேட் 50 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உள்ள ஜிங்க் சுமார் 7 மி.கி.தான், மீதி உப்பின் மற்றப் பகுதி. இன்னொன்றில் ஜிங்க் 20 மி.கி. என்று நேரடியாகவே போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து அளந்து, அதன் மேல் ஏற்கெனவே சாப்பிடும் விட்டமின் கம்மி மிட்டாயையும் விடாமல் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செங்காங்_சைவம் | புதன், மாலை 6.20

நாங்கள் சுத்த சைவம், மகளுக்கு இரண்டரை வயது, முட்டைகூட இல்லை. அப்படியென்றால் என் பிள்ளைக்குப் பள்ளம் இருக்குமா?

பிடோக்_ஆய்வு | புதன், இரவு 8.05

சைவம் என்பதாலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. தானியம், பருப்பில் உள்ள பைட்டேட் என்ற பொருள் ஜிங்க்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. ஆனால் ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். அந்த வகையில் நம் இட்லி, தோசை மாவு நல்ல ஏற்பாடு. பாலும் தயிரும் உதவும். சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள், எடையும் உயரமும் கோட்டை ஒட்டிப் போகிறதா, அல்லது கீழே சரிகிறதா. அடிக்கடி பேதி வருகிறதா. எடை சரிகிறது, பேதி இரண்டு வாரம் தாண்டுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு ஜிங்க் பேச்சு வேறு. அப்போது டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

பழைய_தாதி | புதன், இரவு 8.30

இன்னும் ஒன்று, ஊரிலிருந்து பெரியவர்கள் வரும் வீடுகளுக்கு. பேதிக்குக் கசகசா அரைத்துக் கொடுப்பது நம்மிடம் உண்டு. அது இங்கே தடை செய்யப்பட்ட பொருள், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பட்டியலில் இருக்கிறது, பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் கூடாது. சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தால் மயக்கமாகத் தூங்கும், தாய் பேதி நின்றதால் தூங்குகிறான் என்று நினைப்பாள். பல் முளைப்பதால் பேதி என்று விட்டுவிடுவதும் அதே மாதிரிதான், அந்த வயதில் கண்டதை வாயில் வைப்பதால்தான் பேதி வருகிறது.

ஜூரோங்_தஞ்சாவூரான் | புதன், இரவு 9.00

ஊரில் அட்டைப்பெட்டியில் பழச்சுவையோடு ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்றதையும் வாங்கிவராதீர்கள். பலவற்றில் சர்க்கரை அளவுக்கு மீறி இருந்தது. வாய்ப்பாட்டுக்கு உட்படாத பானத்துக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

பொங்கோல்_அம்மா | வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஐந்து தடவை, இன்று மூன்று, கொஞ்சம் கெட்டியாகப் போகிறது. காய்ச்சல் இல்லை. ஜிங்க் கொடுக்கவில்லை.

நேற்று இரவு உங்கள் பதிவுகளை மாமியாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒரு லிட்டர் பொட்டலம் பற்றிப் படித்ததும் எழுந்துபோய்த் தன் பையிலிருந்த ஆறையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் '1 லிட்டர்' என்று பெரிதாக எழுதிவைத்தார். இந்த மூன்று இரவும் தேக்கரண்டியால் கொடுத்தது பெரும்பாலும் அவர்தான். எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, அவருக்கு ஓயவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் மணி போட்டு, எத்தனை கரண்டி, எத்தனை டயப்பர், எதில் சிறுநீர் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். டாக்டரிடம் அதைக் காட்டினேன், இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் என் வேலை பாதி குறையும் என்றார்.

அவர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "எடை குறைந்த பிள்ளைக்குத்தான் மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்று அந்தத் தம்பி எழுதியிருக்கிறார். என் மையத்துக்கு வந்த பிள்ளைகளில் எடை குறைந்தது நிறைய. அப்போது நான் அவர்களுக்குக் கொடுத்தது சரிதானே?"

பிடோக்_ஆய்வு | வியாழன், இரவு 9.52

சரிதான் அம்மா. நூற்றுக்கு நூறு சரி. அந்த 26 மணி நேரம் என்ற எண்ணே அந்த மாதிரிப் பிள்ளைகளிடமிருந்து வந்ததுதான்.

பழைய_தாதி | வியாழன், இரவு 10.15

அம்மா, வார்டில் எங்களுக்கு ஏற்றுவதற்குக் குளுக்கோஸும் கூப்பிட்டால் வருவதற்கு டாக்டரும் இருந்தார்கள். உங்களுக்குப் பொட்டலமும் மாத்திரையும் மட்டும்தான் இருந்தன. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு நாள் தேக்கா பக்கம் வந்தால் சொல்லுங்கள்.

பொங்கோல்_அம்மா | சனி, காலை 10.30

நேற்று ஒரே ஒரு தடவை, இன்று இதுவரை இல்லை. இட்லி இரண்டு சாப்பிட்டான். கடைசிப் பேதியிலிருந்து 48 மணி நேரம் ஆகட்டும் என்று நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள், அதனால் திங்கள்தான்.

டிசம்பரில் ஒரு மாதம் மன்னார்குடி போகிறோம், அந்த ஜிங்க் அட்டையை அப்படியே திரும்பக் கொண்டுபோகிறோம். அங்கே இவனுக்குப் பேதி வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் கொடுக்கச் சொன்னால் கொடுப்பது என்று நானும் அத்தையும் பேசிவைத்திருக்கிறோம். பழைய தாதி அக்கா, அடுத்த ஞாயிறு காலை தேக்காவுக்கு வருகிறோம். உங்களுக்குக் கொடுக்க அதிரசம் சுடுவதற்கு அத்தை இப்போதே அரிசி ஊறப்போட்டுவிட்டார்.